தோட்டத்துப் பிள்ளைக்கு வயலின் எதற்கு?

ஈப்போ வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி வாரியக் கூட்டத்திலோ கோயில் நிர்வாகக் கூட்டத்திலோ, பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் சொல்லிக்கொடுத்து ஒரு கூட்டிசைக் குழு அமைக்கலாமே என்று யாராவது பேச்செடுத்தால் எதிர்ப்பு சத்தமாக வராது. சிரிப்பாக வரும். "நல்ல யோசனைதான், ஆனா நம்ம பிள்ளைங்களுக்கு அது எதுக்குங்க?" அத்தோடு கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விடும்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் முழுசாக ஒரு கொள்கை இருக்கிறது. அதைச் சொல்பவர்களைவிடச் சற்று ஒழுங்காகவே இங்கே எடுத்துவைக்கலாம். பீத்தோவன் ஆனாலும் தியாகராஜர் ஆனாலும் செவ்விசை என்பது நேரமும் காசும் உள்ளவர்களின் கலை. கேட்கவே பழகிய காது வேண்டும். வாசிக்க ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். தோட்டம் கைமாறி, லயத்தை விட்டுப் பட்டணத்து ஓர அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்த குடும்பத்துக்கு முதலில் வேண்டியது எஸ்.பி.எம். சான்றிதழும் ஒரு கைத்தொழிலும். இசை வேண்டுமென்றால் உறுமி இருக்கிறது, கோயில் மேளம் இருக்கிறது, கைப்பேசியில் சினிமாப் பாட்டு இருக்கிறது. அதற்கு மேல் வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து 'எல்லோருக்கும் எட்டவைக்கிறோம்' என்பது தர்மம் செய்வதுபோல வேஷம் போட்ட மேட்டிமைத்தனம். போதாததற்கு, எல்லோரையும் சேர்த்தால் இசையின் தரமும் கெடும்.

இதைச் சொல்பவர்கள் மூடர்கள் அல்லர். பலர் தோட்டத்தில் பிறந்தவர்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போன தாய் தகப்பனின் உழைப்பில் படித்து மேலே வந்தவர்கள். வறுமையைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர்கள் சொல்வது தவறு. ஒரு இடத்தில் மட்டுமல்ல, வரிசையாக ஆறு இடங்களில் தவறு.

முதலில் எதைப் பற்றிய பேச்சு என்பது தெளிவாகட்டும். சமூக இசைக்குழு என்பது சம்பளக் கலைஞர்களின் குழு அல்ல. மாணவர், ஆசிரியர், கடைக்காரர், ஓய்வு பெற்றவர் என்று ஊர்க்காரர்களே கூடி, வாரம் ஒருநாள் ஒத்திகை பார்த்து, ஆண்டில் சில முறை மேடையேறும் அமைப்பு. ஈப்போவில் கிந்தா வேலி சிம்பொனிக் சொசைட்டி அப்படி உள்ளூர்க்காரர்களை வைத்து இசைக்குழு நடத்திவருகிறது. ஆகவே இந்த ஊரில் இது நடக்குமா என்ற கேள்விக்கு இடமில்லை. இதில் நம் பிள்ளைகளுக்கு நாற்காலி உண்டா என்பதுதான் கேள்வி.

1. "அது வெள்ளைக்காரன் சங்கதி" என்கிறார்கள். சரி, நெகாராகூ யாருடைய சங்கதி?

பேராக்கின் பள்ளிகளில் சபைகூடும்போது பிள்ளைகள் ஒரே மெட்டை இரண்டு முறை பாடுகிறார்கள். ஒருமுறை தேசிய கீதமாக, மறுமுறை மாநில கீதமாக. அந்த மெட்டின் கதை இந்த மாநிலத்துக்கே சொந்தமான கதை. 1875இல் பாசிர் சாலாக்கில் ஆங்கிலேய ரெசிடென்ட் பெர்ச் கொல்லப்பட்டதை அடுத்து, சுல்தான் அப்துல்லாவைப் பிரிட்டிஷார் சேஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அந்தத் தீவில் புழங்கிய, பிரெஞ்சு மூலம் கொண்டதாகச் சொல்லப்படும் ஒரு மெட்டு அரச குடும்பத்தோடு ஊர் திரும்பிப் பேராக்கின் கீதமாயிற்று. பிறகு 'தெராங் பூலான்' என்ற காதல் பாட்டாகி நாடக மேடைகளில் சுற்றியது. 1957இல் விடுதலை பெறவிருந்த நாட்டுக்குக் கீதம் தேடி உலகளவில் போட்டி வைத்தபோது, பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன் போன்ற பெரிய பெயர்கள் எழுதித் தந்தவைகூடப் பொருந்தவில்லை. இந்த ஊர் சுற்றிய மெட்டுத்தான் நிலைத்தது. நாடுகடத்தப்பட்ட ஒரு மன்னர் வழியாக வந்த அந்நிய மெட்டை நெஞ்சை நிமிர்த்திப் பாடலாம், வயலினைத் தொட்டால் மட்டும் அந்நியம் என்பது என்ன கணக்கு?

வயலினையே எடுத்துக்கொள்வோம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய முறையில் அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதில் வல்லவராகி, 1834இல் சுவாதித் திருநாள் மன்னரிடம் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசாகப் பெற்றார். முத்துசுவாமி தீட்சிதரோ ஆங்கிலேயர் பேண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கே சாகித்தியம் எழுதினார். பிரிட்டிஷ் ராஜ கீதத்தின் மெட்டும் அதில் உண்டு. இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே தீர்ந்துபோன வழக்கை ஈப்போவில் புதிதாக நடத்துகிறார்கள்.

கூடி வாசிப்பது நம் மரபில் இல்லை என்பவர்களும் உண்டு. நம்முடையது தனி வித்துவானின் இசை என்பார்கள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஒருமுறை புரட்டினால் போதும். மாதவியின் ஆடலுக்குக் குழல் முன்செல்ல, யாழ் அதைப் பின்தொடர, தண்ணுமையும் முழவும் அடுத்தடுத்துச் சேர, ஆமந்திரிகை கூடி ஒலிக்கும் வரிசையை இளங்கோ ஒரு ஒத்திகைக் குறிப்புப்போல எழுதிவைத்திருக்கிறார். பின்னாளில் அகில இந்திய வானொலி 1952இல் தன் வாத்திய விருந்தத்தைத் தொடங்கியபோது ரவிசங்கரோடு அதைக் கட்டி எழுப்பியவர் டி.கே. ஜெயராம ஐயர். பக்கத்து சிங்கப்பூரில் மக்கள் கழகம் 1985இலிருந்து இந்திய இசைக்குழு ஒன்றையே நடத்துகிறது. வீணையும் புல்லாங்குழலும் மிருதங்கமும் ஒரே அரங்கில் உட்கார்கின்றன.

2. "உறுமி இருக்கும்போது இது எதற்கு?" இருப்பவற்றில் கனமான ஆட்சேபம் இதுதான்.

கனமானது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சமூகத்தின் கடைசிப் படியில் நிறுத்தப்பட்டவர்களிடம் அவர்களுடைய வாத்தியத்தை இறக்கி வைக்கச் சொல்லி, 'உயர்ந்த' வாத்தியம் ஒன்றைக் கையில் திணிக்கும் திட்டங்கள் உலகெங்கும் நடந்திருக்கின்றன. வெனிசுவேலாவில் பிள்ளைகளுக்கு இசைக்குழு வழியே இசை கற்பிக்கும் 'எல் சிஸ்தெமா' திட்டத்தின் மீது ஆய்வாளர் ஜெஃப்ரி பேக்கர் 2014இல் எழுதிய நூல் வைத்த குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று: ஏழைப் பிள்ளைகளைத் 'திருத்த' ஐரோப்பிய இசை என்ற மனப்பான்மை. ஈப்போ இசைக்குழு உறுமியைக் கீழாக நினைத்துத் தொடங்குமானால் அது தொடங்காமலே போகலாம்.

ஆனால் உறுமியை இந்த வாதத்தில் கேடயமாகப் பிடிப்பவர்கள் யார்? தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக்குக் காவடி போகும்போது, உறுமிச் சத்தத்தில் தலை வலிக்கிறது, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், தடை செய்யுங்கள் என்று புகார் சொல்பவர்களும் பெரும்பாலும் அவர்களேதான். ஆண்டில் ஒருநாள் உறுமி ரவுடித்தனம்; வயலின் பேச்சு வந்தால் மட்டும் அது பண்பாட்டுச் சொத்து.

உண்மையில் உறுமி மேளக் குழுவைப்போல இந்த வாதத்தை உடைக்கும் சாட்சி வேறில்லை. பத்துப் பதினைந்து இளைஞர்கள். வேலை முடிந்து இரவில் கூடுகிறார்கள். ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து உறுமலை எழுப்பிக்கொண்டே மறுமுகத்தில் அடிக்க இரண்டு கைக்கும் இரண்டு மூளை வேண்டும். அதைக் காதால் கேட்டே கற்கிறார்கள். பம்பைக்காரர் எங்கே நிறுத்துவார் என்று கண்ணால் பார்த்து மற்றவர்கள் ஒரே அடியில் நிற்கிறார்கள். சந்தாப் போட்டுச் சட்டை தைத்துக்கொள்கிறார்கள். யாரும் உதவித்தொகை தரவில்லை, யாரும் பயிற்சி முகாம் நடத்தவில்லை. ஒத்திகை, ஒழுங்கு, தலைமை, கூட்டு மூச்சு எல்லாம் உள்ள ஓர் இசைக்குழு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. நம் பிள்ளைகளால் கூட்டிசையில் நிலைக்க முடியாது என்பவர் ஒருநாள் இரவு அந்தக் கொட்டகைப் பக்கம் போய்ப் பார்க்கட்டும்.

உறுமியா வயலினா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னவர் யார்? சென்னையில் 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் குடியிருப்பு நடுவே பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் தொடங்கிய விழாவில் கர்நாடக இசையும் பறையாட்டமும் ஒரே மேடையில் வந்தன. அதையும் ஒரு பக்கம் மேட்டிமை என்று திட்டினார்கள், மறுபக்கம் சங்கீத சபாக்காரர்களும் திட்டினார்கள். இரண்டு பக்கமும் திட்டியதில் ஒரு செய்தி இருக்கிறது: இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரைக் காப்பதில் இரு தரப்புக்குமே அக்கறை.

3. "காது பழகவில்லை" என்பது யாருடைய காதைப் பற்றிய பேச்சு?

1976இல் 'அன்னக்கிளி' வந்த நாளிலிருந்து தோட்டத்து லயங்களில் வானொலிப் பெட்டி என்ன பாடிக்கொண்டிருந்தது? பாட்டுக்கு இடையே வயலின்கள் கூட்டமாக எழும். அடியில் செல்லோ வேறொரு மெட்டில் நகரும். புல்லாங்குழல் இரண்டுக்கும் பதில் சொல்லும். இளையராஜாவின் இடையிசையை ஒரு சுரம் பிசகாமல் வாயால் முணுமுணுக்கத் தெரிந்த கூட்டத்திடம் போய், கூட்டிசை கேட்க உங்களுக்குக் காது போதாது என்பது வேடிக்கை. அவர் 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு தன் சிம்பொனியை அரங்கேற்றியபோது அதைக் கொண்டாடிய மலேசியத் தமிழர்களில் எத்தனை பேர், அந்த மேடையின் பின்வரிசை வயலின் நாற்காலியில் தங்கள் பிள்ளை உட்கார முடியுமா என்று யோசித்தார்கள்?

பழைய கதையும் உண்டு. டி.என். ராஜரத்தினம் பிள்ளை சுவாமி புறப்பாட்டில் நாகசுரத்தில் தோடியை மணிக்கணக்கில் வாசித்தபோது வீதியில் நின்றவர்கள் டிக்கெட் வாங்கவில்லை, ராக லட்சணத்தில் தேர்வு எழுதவில்லை. செவ்விசையைக் கதவுக்குள் வைத்துப் பூட்டியது சங்கீத சபா என்ற நகரத்து ஏற்பாடு.

மலேசியாவின் ஏற்பாடு இன்னும் வெளிப்படையானது. மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு 1998 ஆகஸ்டில், கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் அடியில், ஒரு எண்ணெய் நிறுவனத்தின் பணத்தில் பிறந்தது. அருமையான அரங்கம், அருமையான இசைக்குழு. சுங்கை சிப்புட்டில் இருக்கும் ஒருவர் அதைக் கேட்க 200 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், டிக்கெட் வாங்க வேண்டும், உடை விதி பார்த்து உடுத்த வேண்டும், இரவு திரும்ப வழி தேட வேண்டும். இத்தனைக்கும் பிறகு அவர் போகாவிட்டால் அதற்கு 'ரசனை இல்லை' என்று பெயர்.

4. "முதலில் படிப்பு, அப்புறம் பாட்டு." இந்த 'முதலில்' எப்போது முடியும்?

தோட்டத்துப் பிள்ளைக்கு எது போதும் என்ற கேள்வி நம்முடையது அல்ல, தோட்டத் துரையுடையது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பள்ளிகள் வந்தன. பல இடங்களில் அது ஒரு கொட்டகை. கங்காணியோ கிராணியோ வாத்தியார். எழுத்தும் கணக்கும் கொஞ்சம். அதற்கு மேல் படித்தால் பால்மரம் சீவ யார் வருவார் என்பது நிர்வாகத்தின் கவலை. ஒரு நூற்றாண்டு கழிந்து, துரை போய், கித்தா போய், அந்த நிலத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டமும் வந்த பிறகு, இவனுக்கு இது போதும் என்ற அளவுகோல் மட்டும் கை மாறி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. எஸ்.பி.எம்.மும் ஒரு கைத்தொழிலும் போதும் என்று இன்று நாமே நம் பிள்ளைக்கு அளந்து கொடுக்கிறோம்.

இந்தக் கேள்வியை வேறு யாரிடமாவது கேட்கிறார்களா? ஈப்போவில் யுக் சோய், ஷென் ஜாய், போய் லாம் என்று மூன்று சீனத் தனியார் உயர்நிலைப் பள்ளிகள் உண்டு. அந்தச் சமூகத்தில் பள்ளி வாத்தியக் குழுவுக்கு ஊர்ச் சங்கமும் வியாபாரியும் நன்கொடை கொடுப்பது மொய் எழுதுவதைப்போல இயல்பு. டிரம்பெட் ஊதுவதால் கணக்கு மார்க் குறையும் என்று அங்கே யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. வசதியான தமிழ்க் குடும்பங்களும் தங்கள் பிள்ளையைப் பியானோ வகுப்புக்கு அனுப்பி லண்டன் வாரியத்தின் கிரேடு தேர்வு எழுத வைக்கின்றன. அங்கே 'முதலில் படிப்பு' என்ற தத்துவம் எழுவதில்லை. ஏழைப் பிள்ளை என்றால்தான் வரிசை வந்துவிடுகிறது, அந்த வரிசையில் இசை கடைசி.

இங்கே இசைக்குழுவின் நண்பர்களையும் ஒரு பிடி பிடிக்க வேண்டியிருக்கிறது. "இசை படித்தால் மூளை வளரும், மார்க் ஏறும்" என்று பெற்றோரை மயக்குகிறார்கள். 1993இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வு, மொஸார்ட் கேட்ட கல்லூரி மாணவர்கள் வடிவப் புதிர்களில் சற்றுக் கூடுதலாகச் செய்தார்கள் என்றது. அந்தப் பலன் கால்மணி நேரத்துக்குள் கரைந்துவிட்டது. அதை நம்பி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்கக் கிளம்பினார். எல் சிஸ்தெமா பற்றி 2017இல் வெளிவந்த பெரிய ஆய்விலும் தன்னடக்கத்தில் முன்னேற்றம் தெரிந்ததே தவிர, அறிவுத்திறனில் ஒன்றும் தெரியவில்லை. கணக்கு வர வேண்டுமென்றால் கணக்குப் போட வேண்டும். வயலின் வாசிப்பதற்குக் காரணம் வயலின்தான்.

அதே ஆய்வில் இன்னொரு எண் உண்டு; அது எதிர்த்தரப்புக்கு உதவும், ஆகவே மறைக்கக்கூடாது. ஏழைகளுக்கான திட்டம் என்று உலகப் புகழ் பெற்ற அதில் சேர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர்தான் ஏழைகள். அவர்கள் வாழ்ந்த மாநிலங்களின் வறுமை விகிதமோ 47ஐ ஒட்டியது. அதாவது, கதவைத் திறந்துவைத்தால் மட்டும் போதவில்லை. பக்கத்தில் இருந்தவர்களே முதலில் நுழைந்தார்கள். ஏழைக்கு இசை ஒட்டாது என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். அது காட்டுவது வேறு: ஏழைப் பிள்ளை இருக்கும் இடத்துக்குத் திட்டம் போய்ச் சேரவில்லை.

போய்ச் சேர்ந்த இடமும் உண்டு. டார்ஜிலிங் மலைப் பக்கம் காலிம்பொங்கில் 1993இல் எட்வர்ட் மெக்குவயர் என்ற கனடா நாட்டு இயேசு சபைப் பாதிரியார் காந்தி ஆசிரமப் பள்ளியைத் தொடங்கினார். மூட்டை சுமப்பவர்கள், நிலமற்ற கூலிகள் ஆகியோரின் பிள்ளைகள்தான் மாணவர்கள். சோறும் போட்டார், எழுத்தும் சொல்லிக்கொடுத்தார், ஒவ்வொரு பிள்ளை கையிலும் வயலினும் கொடுத்தார். எது முதலில் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. மூன்றும் ஒரே நாளில், ஒரே வளாகத்தில் நடந்தன.

5. "எல்லோரையும் சேர்த்தால் தரம் கெடும்." எந்தத் தரம்?

இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கக்காரர்களும் மில் தொழிலாளர்களும் தொடங்கிய பித்தளை வாத்தியக் குழுக்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கின்றன. பிளாக் டைக் மில் குழு 1855இலிருந்து இருக்கிறது. கிரைம்தோர்ப் சுரங்கக் குழு 1917இல் தொடங்கியது. 1992 அக்டோபரில் சுரங்கம் மூடப்படப்போகிறது என்ற அறிவிப்பு வந்த சில நாட்களுக்குள் அந்தக் குழு லண்டனில் தேசியப் பட்டத்தை வென்றது. சுரங்கம் மறு ஆண்டு மூடப்பட்டது, குழு மூடப்படவில்லை. 1985இல் ஈயச் சந்தை சரிந்து கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் குளங்களாகிப்போனதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. இங்கே குளம்தான் மிஞ்சியது.

காங்கோ நாட்டின் கின்ஷாசாவில் 1994இல் அர்மாண்ட் தியங்கியெந்தா என்ற வேலையிழந்த விமானி கிம்பாங்கு சபையின் இசைக்குழுவைத் தொடங்கினார். இருந்த சில வயலின்களை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் பயின்றார்கள். தந்தி அறுந்தால் சைக்கிள் பிரேக் கம்பியைக் கட்டினார்கள். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியையே வாசித்தார்கள். பெர்லின் இசைக்குழு அளவுக்கா? இல்லை. தெருமுனை மைதானத்தில் பந்து விளையாடுபவனை உலகக் கோப்பை அளவுகோலால் யாரும் அளப்பதில்லையே.

தரம் என்ற பூச்சாண்டியைத் தமிழர்கள் முன்பும் சந்தித்திருக்கிறார்கள். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசைத் தீர்மானம் வந்தபோது, தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் நடுநாயகமாக வைத்தால் சங்கீதத்தின் தரமே கெடும் என்று சென்னையில் பெரிய மனிதர்கள் கவலைப்பட்டார்கள். 1943இல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. சங்கீதம் கெட்டுப்போகவில்லை.

இதற்குள் ஒரு நடைமுறைச் செய்தியும் இருக்கிறது. கூட்டிசையை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. கச்சேரி மேடையில் தனியே உட்காரும் மாணவனுக்குத் தப்பித்துக்கொள்ள இடமில்லை. இசைக்குழுவில் உண்டு. இரண்டு பேருக்கு ஒரு இசைத்தாள் தாங்கி. உள்பக்கம் உட்கார்ந்தவர் தாளைத் திருப்ப, வெளிப்பக்கம் உட்கார்ந்தவர் விடாமல் வாசிப்பார். இரண்டாம் வயலின் வரிசையின் கடைசித் தாங்கியில் மூன்று மாதம் பயின்ற பிள்ளையை உட்காரவைத்து, திறந்த தந்திகளில் மட்டும் வாசிக்கும்படி அதற்கென்று எளிய பகுதி எழுதிக் கொடுக்கலாம். பக்கத்தில் இருப்பவர் வில்லை எப்போது மேலே இழுக்கிறார், எப்போது கீழே இழுக்கிறார் என்று பார்த்தே அது பாதியைக் கற்றுக்கொள்ளும். ஆரம்பக்காரரையும் கைதேர்ந்தவரையும் ஒரே நேரத்தில் ஒரே படைப்புக்குள் வைத்துக்கொள்ளும் வசதி கூட்டிசைக்குச் சொந்தமானது. தரம் பற்றிப் பேசுபவர்கள் இதன் பின்வரிசையைப் பார்த்ததே இல்லை.

6. "காசுக்கு எங்கே போவது?"

வயலின் கால், அரை, முக்கால், முழு என்று அளவுகளில் வருகிறது. பிள்ளை வளர வளரச் சிறியது கை மாறும். அண்ணன் விட்ட அரை வயலின் தம்பிக்கு. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் வாங்க வேண்டியதில்லை; ஒரு பொதுப் பெட்டியிலிருந்து கொடுத்து வாங்கலாம். பேராக்கின் புழுக்கத்தில் பசை விட்டுப் பலகை பிளக்கும் என்பதால், பொதுவில் வைத்துப் பராமரிப்பதே வாத்தியத்துக்கும் நல்லது. ஆசிரியர் சம்பளமும் இடமும்தான் உண்மையான செலவு. இடத்தைப் பொறுத்தவரை மாநிலத்தில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள், மாலையில் பூட்டிய மண்டபங்களோடு, நிற்கின்றன.

கோலாலம்பூரில் 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய நுண்கலைக் கோயில் ஆடலும் இசையும் கற்பிக்கிறது. அதோடு சேர்ந்து வளர்ந்த அன்னலட்சுமி உணவகத்தில் சாப்பிட்டவர் மனசுக்குப் பட்டதைக் கொடுத்துவிட்டுப் போகலாம். இப்படி நடத்தினால் ஒரு மாதத்தில் இழுத்து மூட வேண்டியதுதான் என்றிருப்பார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்று, தொழிலாளர் தெருவுக்கு வந்துகொண்டிருந்த காலம். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கு. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பால் மரம் சீவிய கைகள் கட்டிய அந்தப் பத்து வெள்ளிகளில் அடுத்த ஆண்டே கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பிறகு பல தோட்டங்கள். கூலிக்காரன் தோட்டம் வாங்குவதா என்று அன்றைக்குச் சிரித்தவர்களின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை.

காசைவிடப் பெரிய தடை வேறொன்று. அதில் தவறு செய்பவர்கள் எதிரிகள் அல்லர், ஆதரவாளர்கள். 'எல்லோருக்கும் எட்டவைப்பது' என்றால் இலவச டிக்கெட் என்று நினைக்கிறார்கள். பேருந்து பிடித்துப் பிள்ளைகளை ஒருநாள் அரங்குக்குக் கூட்டிவந்து, கைதட்டச் சொல்லி, படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அது சுற்றுலா. கேட்கும் நாற்காலிக்கும் வாசிக்கும் நாற்காலிக்கும் உள்ள தூரம் அதனால் ஓர் அங்குலமும் குறையாது. வாசிக்கும் நாற்காலி வேண்டுமென்றால் வாராவாரம் ஒத்திகைக்கு வர வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ 30 கிலோமீட்டர் அளவு. தெலுக் இந்தானிலிருந்து அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அப்பா செம்பனை லாரியிலும் அம்மா தொழிற்சாலை ஷிப்டிலும் இருக்கும் வீட்டில், சனிக்கிழமை பிற்பகல் பிள்ளையைக் கொண்டுவிட்டுக் கூட்டிவர ஆள் யார்? வகுப்பிலிருந்து நின்றுபோகும் பிள்ளையைப் பற்றி 'ஆர்வம் இல்லை' என்று பதிவேட்டில் எழுதிவிடுவது சுலபம்.

ஆகவே ஒத்திகைதான் நகர வேண்டும். வயலின்காரர்கள் வார நாட்களில் அவரவர் பள்ளியிலேயே ஆசிரியரோடு தங்கள் பகுதியைப் பயிலட்டும். சுங்கை சிப்புட்டில் ஒரு பிரிவு, தாப்பாவில் ஒரு பிரிவு, புந்தோங்கில் ஒன்று. மாதம் ஒருமுறை மட்டும் எல்லோரும் ஈப்போவில் கூடினால் போதும். அன்றைக்குப் பேருந்துக் கட்டணத்தைக் குழு ஏற்க வேண்டும், மதியச் சோறும் போட வேண்டும். வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் பேருந்தில் வந்துவிடுவார்கள். செல்லோவுக்கும் டபுள் பாஸுக்கும் ஒரு வேன் ஏற்பாடு செய்ய வேண்டும்.